வெல்டா ராஸ்க் போட்ட ஐந்து தோட்டா

வெல்டா ராஸ்க் என்னை மூன்று முறை போட்டியிலிருந்து துரத்தியிருக்கிறாள். மூன்று முறையும் நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். திட்ட வேண்டிய ஆள் வேறொருவர். அவருக்கு நாங்கள் வருடா வருடம் நிழல் பார்த்து நாற்காலி போட்டு, குடிக்க எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்து, பேசச் சொல்லிக் கைதட்டினோம். இருபத்திரண்டு வருடம் தட்டியிருக்கிறோம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் மெர்ல். டிரை ஃபோர்க் என்ற ஊரில் டயர் கடை வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே குன்றுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில், பழைய காலத்து ஆறு அறை ரிவால்வரை இடுப்பில் கட்டிக்கொண்டு இரும்புத் தகடுகளைச் சுடும் நாற்பது கிறுக்கர்களில் நானும் ஒருவன். கிளப்புக்குத் தலைவனும் நான்தான். வேறு எவனும் முன்வரவில்லை.

சுடப் போகிறவன் முதலில் தோட்டா போடும் மேஜைக்கு வரவேண்டும். அந்த மேஜை வெல்டாவின் ராஜ்யம். ஆறு அறை இருந்தாலும் நாங்கள் ஐந்துதான் போடுவோம். ஒவ்வொரு தடவையும், தோட்டாவை அடிக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துச் சுடும் இந்தப் பழைய வகையில், சுத்திக்கும் தோட்டாவுக்கும் நடுவே தடுப்பு ஏதும் கிடையாது. தோட்டாவின் முதுகிலேயே சுத்தி படுத்திருக்கும். கை தவறிக் கீழே விழுந்தால் வெடிக்கும். அதனால் சுத்திக்கு நேரே காலி அறை இருக்க வேண்டும். ஒன்று போடு, ஒன்றை விடு, நாலு போடு, சுத்தியை முழுசாக இழு, பிடித்தபடியே மெல்ல இறக்கு. இப்படிச் செய்தால் விட்ட அறை தானாகச் சுத்தியின் கீழ் வந்து நிற்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே தெரியும்.

"யோவ், பேசிக்கிட்டே போடாதய்யா. ஒன் வாய் ஓடுற வேகத்துக்குக் கை எண்ணாது. எல்லாத்தையும் வெளிய எடு. மொதல்லேந்து போடு" என்பாள் வெல்டா.

"அஞ்சுதான் வெல்டா போட்டிருக்கேன்."

"ஒன் வார்த்தைய வச்சு நான் என்ன பண்ண? எடுடான்னா எடு."

ஷெரீப்பானாலும் சரி, பாதிரியாரானாலும் சரி, அவளுக்கு ஒன்றுதான். துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லி, தோட்டா அறைகள் உள்ள உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பாள். தோட்டாவின் பித்தளை விளிம்பு சுத்திக்கு நேரே தெரிந்தால் அன்றைக்கு நீ வீட்டுக்குப் போகலாம்.

எதையும் எண்ணாமல் அவளால் இருக்க முடியாது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். பிள்ளைகள் ஏறும்போது இரண்டு தரம், இறங்கும்போது இரண்டு தரம், சத்தமாக எண்ணுவாள். கடையில் முட்டை அட்டையைத் திறந்து எண்ணுவாள். "ஒன் வெரலையும் எண்ணிப் பாத்துக்க, நேத்து பத்து இருந்துச்சு" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். சிரிக்கவில்லை. அவள் ஏன் எண்ணுகிறாள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே கிண்டல் செய்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

1978 ஜூனில், அவளுக்குப் பதினேழு வயது. அண்ணன் டேலுக்கு இருபத்தொன்று. வேலி கட்டப் போன இடத்தில் துப்பாக்கி உறையோடு கதவுக் கம்பத்திலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது. வெடித்த குண்டு டேலின் விலாவுக்குக் கீழே ஏறியது. ஆஸ்பத்திரி அறுபது மைல். பாதி வழியில் முடிந்துவிட்டது. அன்று காலையில் அந்த ரிவால்வரில் தோட்டா போட்டவள் வெல்டா. "அவ ஆறு போட்டுட்டா" என்று அப்பா ஓர்வல் அன்று சமையலறையில் அம்மாவிடம் சொன்னார். அந்த ஒரு வரியை ஊர் நாற்பத்தேழு வருடம் வைத்துக்கொண்டிருந்தது.

அம்மா இனஸ் 1996-இல் இறந்தாள். அதுவரை மகளோடு ஒரே வீட்டில் இருந்தாள். 'உப்பை எடு', 'கதவைச் சாத்து', இவ்வளவுதான் பேச்சு. சாகும் நாளில்கூட வெல்டாவின் கையைப் பிடிக்கவில்லை, கம்பளிக்குள் கையை இழுத்துக்கொண்டாள். இதை வெல்டா ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். என் அம்மாவாக இருந்தால் நான் வீட்டைக் கொளுத்திவிட்டுப் போயிருப்பேன்.

இவளோ வீட்டைவிட்டும் போகவில்லை, துப்பாக்கியைவிட்டும் போகவில்லை. பழைய ரிவால்வர்களைச் சேர்க்க ஆரம்பித்தாள். ஒன்பது வைத்திருக்கிறாள். எல்லாம் பழுப்பேறி, பிடி தேய்ந்து, உறையில் உரசி உரசி முனை வெளுத்துப்போனவை. அந்தத் தேய்மானம்தான் துப்பாக்கியின் வாக்குமூலம் என்பாள். ஒருமுறை ஒருத்தன் நூறு வருடத்துத் துப்பாக்கியைப் பட்டறையில் கொடுத்துப் பளபளவென்று மெருகேற்றி அவளிடம் பெருமையாகக் காட்டினான்.

"மூஞ்சியக் கழுவிட்டு வாடான்னா தோல உரிச்சிட்டு வந்திருக்கியே, பாவி" என்றாள். அவன் மனைவி எதிரிலேயே சொன்னாள்.

துப்பாக்கிக் கண்காட்சிகளில் வியாபாரிகள் கதை விடுவார்கள். இது ரயில் கொள்ளைக்காரன் இடுப்பில் இருந்தது, அது சூதாடி ஒருவன் கையோடு புதைக்கப்பட இருந்தது என்று. "கதைய மூட்டை கட்டு. நம்பரக் காட்டு" என்பாள். அடிச்சட்டத்தில் கொத்தியிருக்கும் எண்ணையும், கூட வரும் காகிதத்தையும் மட்டும்தான் நம்புவாள். ஒவ்வொரு மேஜையிலும் ஒவ்வொரு துப்பாக்கியையும் திருப்பிப் பார்ப்பாள். எதைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும். 284-இல் முடியும் ஓர் எண். டேலைக் கொன்ற ரிவால்வர். அன்று விசாரிக்க வந்த டெபுடி ஷெரீப் கிம்பல் அதை எடுத்துக்கொண்டு போனபிறகு ஓர்வல் திரும்பக் கேட்கவே இல்லை. எவன் கையிலும் அது இருக்கக்கூடாது, வாங்கி அறுத்துப்போட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

போன மார்ச்சில் காஸ்பர் நகரத்தில் கண்காட்சி. கூடத்தின் கோடியில் ஒரு பெண், மாமனார் விட்டுப்போன சாமான்களைக் கடை பரப்பியிருந்தாள். மாமனார் கிம்பல். வெல்டா ரிவால்வரைத் திருப்பினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நான் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தேன்.

"இதோட ஒரு கவர் இருக்கு. எங்க மாமா எழுதினது. வேணுமா?" என்றாள் அந்தப் பெண்.

பழுப்புக் கவர். மேலே பென்சிலில் தேதி, டேல் ராஸ்க் என்ற பெயர். அதன் கீழே: வெடித்த தோட்டாவின் கூடு ஒன்று. வெடிக்காதது நான்கு. காலி அறை ஒன்று. கவரைக் கவிழ்த்தாள். கூடு ஒன்று விழுந்தது. தோட்டா நான்கு விழுந்தது. எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மூன்றாம் தரம் எண்ணும்போது குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"மெர்ல், நீ எண்ணு."

"அஞ்சு" என்றேன்.

"நான் அஞ்சுதான் போட்டிருக்கேன்."

காசைக் கொடுத்தாள். திரும்பும் வழியில் நான் வண்டியை ஓட்டினேன். எங்கள் ஊர் திருப்பத்தில் திடீரென்று ஓங்கி டாஷ்போர்டில் குத்தினாள். நான் பயந்து வண்டியை ஓரம் கட்டினேன்.

"அன்னிக்குக் காலைல நான் போட்டு வச்சேன். அப்பா எடுத்தாரு. என்னை நம்பல. பொட்டப் புள்ளதானேன்னு நெனச்சிருப்பாரு. சுத்தியப் பாதியில நிறுத்தி, துப்பாக்கியோட பக்கக் கதவத் தொறந்து உருளையச் சுத்திச் சுத்தி எண்ணினாரு. சத்தம் இன்னும் கேக்குது எனக்கு. காலி மொதல்ல போச்சு. அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு பாத்ததும் 'சரி'ன்னு சுத்திய முழுசா இழுத்து எறக்கிட்டாரு. இழுக்கையில உருளை இன்னும் ஒரு அறை நகரும்ல. காலி எங்க போய் நின்னுச்சுன்னு பாக்கல."

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் ஆட்களில் அதிகக் கவனம் உள்ளவன் மட்டும் செய்யக்கூடிய தப்பு இது. கவனமில்லாதவன் பார்க்கவே மாட்டான். சரியாக இருந்ததைச் சரிபார்க்கிறேன் என்று எடுத்து, ஐந்தை எண்ணிமுடித்த நிம்மதியில், சுத்தியைத் தோட்டாவின் மேல் இறக்கி வைத்துவிட்டார்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"தொடவே இல்லன்னு சொன்னாருய்யா. அழுதுக்கிட்டே சொன்னாரு. வேற ஒரு நாள் பாத்தத நான் மாத்தி நெனச்சிக்கிட்டேன் போலன்னு விட்டுட்டேன். ஊர்ல எல்லார்கிட்டயும் நம்பரக் காட்டு நம்பரக் காட்டுன்னு கத்தினேன். எங்கப்பன்கிட்ட கேக்கல."

ஓர்வலுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார். காது, கண், புத்தி எல்லாம் கத்தி மாதிரி. நாங்கள் போனபோது சீட்டாடிக்கொண்டு, புள்ளிப் பலகையில் குச்சியை நகர்த்திக்கொண்டிருந்தார். வெல்டா கவரைச் சீட்டுகளின் மேல் வைத்தாள்.

படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கல்லுளிமங்கன்.

"பென்சில்ல கிறுக்கினது. கிம்பல் குடிகாரப் பய. அவனுக்கு அஞ்சும் ஆறும் ஒண்ணுதான்."

"தோட்டாவும் உள்ளதான் இருந்துச்சுப்பா. ஆறாவத அவரு முழுங்கிட்டாரா?"

"எனக்கென்ன தெரியும்?"

"அன்னிக்குக் காலைல நீங்க எடுத்துப் பாத்தீங்களா இல்லியா?"

"நான் தொடல."

"உருளையச் சுத்தினீங்கப்பா. அடுப்புப் பக்கத்துல நின்னு சுத்தினீங்க."

"தொடலன்னா தொடல. எத்தன தடவ சொல்றது? போனவன் போய்ட்டான். இப்ப எதுக்குப் போட்டுக் கிளறுற? நான் ஒன்ன ஒரு வார்த்த திட்டியிருக்கனா?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "யோவ் பெரிசு, திட்டாம இருந்தத ஒரு பெருமைன்னு சொல்றியா?" என்று கத்தினேன். செவிலி ஓடிவந்தாள். வெல்டா என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கிழவர் கேட்டார்:

"ஜூன் போட்டிக்கு வண்டி எத்தன மணிக்கு வரும்?"

ஜூனில் டேல் பெயரில் நினைவுப் போட்டி நடத்துகிறோம். தொடக்கத்தில் ஓர்வல் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு பேச்சுப் பேசுவார். எல்லா வருடமும் ஒரே பேச்சு. "எங்க வீட்ல ஒரு தடவ ஆறு போட்டாங்க. எம் புள்ள போய்ட்டான். எண்ணுங்க பிள்ளைங்களா, எண்ணுங்க." பெயர் சொல்லமாட்டார். சொல்ல அவசியமும் இல்லை. நாற்பது தலையும் தானாகத் தோட்டா மேஜைப் பக்கம் திரும்பும். என் தலையும் திரும்பியிருக்கிறது.

"இந்த வருஷம் அந்தாளு வரக்கூடாது. பேச்சும் கெடையாது" என்றேன் வெல்டாவிடம்.

"வரட்டும். அதே நாற்காலியப் போடு. பேசட்டும்."

"எதுக்கு? இன்னொரு தடவ அவமானப்படவா?"

"போடுய்யான்னா போடு."

வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் வெள்ளி வில்லை கோத்த கயிறு. எலுமிச்சைத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு அதே பேச்சைப் பேசினார். ஒரு சொல்கூட மாற்றவில்லை. கவரைப் பார்த்த கண்ணோடு, கூசாமல், "ஆறு போட்டாங்க" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. கூட்டம் கைதட்டத் தொடங்கியது. வெல்டா மேஜைக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கினாள்.

"ஒரு நிமிஷம். புதுசா வந்தவங்க ஏழு பேரு இருக்காங்க. அவங்களுக்கு எப்படிப் போடறதுன்னு காட்டிடலாம்."

காஸ்பரில் வாங்கிய அந்த ரிவால்வரை எடுத்து வைத்தாள். ஐந்து போலித் தோட்டாக்களை உள்ளங்கையில் பரப்பி எல்லோருக்கும் காட்டினாள், மருந்தில்லாதவை. பிறகு உரக்கச் சொல்லிக்கொண்டே போட்டாள். "ஒண்ணு போடு. ஒண்ண விடு. நாலு போடு. இழு. எறக்கு." குன்றுப் பக்கம் முனையைத் திருப்பி மேஜையில் வைத்தாள். என்னைக் கூப்பிட்டு இடுக்கில் பார்க்கச் சொன்னாள். சுத்தியின் கீழ் காலி.

"காலி" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

கிழவரைக் கைத்தாங்கலாக மேஜைக்குக் கூட்டி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். "அப்பா, நான் சரியாப் போட்டிருக்கேனான்னு நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

அவருக்கு அது என்ன துப்பாக்கி என்று தெரிந்ததா, எனக்குத் தெரியாது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கியைக் கையாளுவதில் அவர் கைகளுக்கு ஊரில் பெயர் உண்டு. மறுக்க மனம் வரவில்லை.

எடுத்தார். கை நடுங்கவே இல்லை. சுத்தியைப் பாதியில் நிறுத்தினார், பக்கக் கதவைத் திறந்தார், கட்டைவிரலால் உருளையை உருட்டினார். கிளிக். காலி போனது. கிளிக். "ஒண்ணு." கிளிக். "ரெண்டு." வெல்டா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "மூணு. நாலு. அஞ்சு." கதவைச் சாத்தினார். சுத்தியை இழுத்து, பிடித்து, பூப்போல இறக்கினார்.

"அஞ்சு. சரியாத்தான் இருக்கு" என்றவர், கூட்டத்தைப் பார்த்து, "யாரு போட்டாலும் நான் ஒரு தடவ பாத்துருவேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "இப்பவாவது கத்துக்கிட்டாளே."

"கைல அப்படியே வச்சிருங்கப்பா. மெர்ல், நீ வந்து பாரு."

குனிந்து இடுக்கில் பார்த்தேன். சுத்திக்கு நேர் கீழே பித்தளை விளிம்பு வெயிலில் மின்னியது. நிமிர்ந்தேன். கத்தியே சொன்னேன்.

"சுத்தி தோட்டா மேல இருக்கு!"

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் நின்ற ஷெரீப் வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். கிழவர் துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பித் தானே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மறுபடி எண்ணப் போகிறவர் மாதிரி கட்டைவிரலை உருளை மேல் வைத்தார். வைத்த விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"அன்னிக்கும் பாத்தீங்க" என்றாள் வெல்டா.

இந்தத் தடவை 'தொடல' என்று அவர் சொல்லவில்லை.

தப்புச் செய்த எவனிடமும் பேசும் அதே குரலில் அவள் சொன்னாள்: "துப்பாக்கிய மேஜ மேல வைங்க. கைய எடுங்க. நீங்க போட்டியிலேருந்து நீக்கம்."

எங்கள் விதிப்படி இன்னொருவரும் பார்த்ததாகச் சொல்ல வேண்டும். "நானும் பாத்தேன். நீக்கம்" என்றேன். கிளப் தலைவனாக நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.

கிழவர் துப்பாக்கியை வைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பரிதாபம் வரவில்லை, வரும் என்று நினைத்தேன்.

"வெல்டா, நான் சொல்லிடறேம்மா" என்றார். "இவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். நான்தான்னு சொல்லிடறேன்."

"இவங்கதான் பாத்துட்டாங்களே. இவங்ககிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?" அவள் துப்பாக்கியை எடுத்து, போலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக மேஜையில் தள்ளினாள். அவள் எண்ணாமல் தள்ளியதை நான் அன்றுதான் பார்த்தேன். "எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கணும்."

பிறகு வரிசையைப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்றாள்.